பழைய காரின் மூட்டு வலி

கண்டிப் பட்டணத்தில் வசிப்பவர்களுக்கு ஏற்றமும் இறக்கமும் புதியன அல்ல. வீட்டை விட்டுப் புறப்பட்டால் இறக்கம். வேலை முடிந்து திரும்பினால் ஏற்றம். குன்றுகளின் நடுவே கிண்ணம்போல் அமைந்த ஊர் இது. இத்தகைய ஊரில் பழைய மோட்டார் கார் ஒன்றை வைத்துப் பேணுவது, முதியவர் ஒருவரை வீட்டில் வைத்துப் பேணுவதற்கு ஒப்பாகும். அவர் இருமினால் ஏன் இருமினார் என்று பார்க்க வேண்டும். நேற்று வரை இருமியவர் இன்று இருமவில்லையென்றால், அதற்கும் காரணம் என்னவென்று பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட பழைய காருக்கு நேரும் நோய் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அது இயந்திரத்தின் நோய் அன்று. சக்கரத்தின் நோயும் அன்று. அவ்விரண்டையும் இணைக்கின்ற மூட்டின் நோய்.

நம் நாட்டில் பழைய கார்கள் இத்தனை காலம் வாழ்வதற்குக் காரணம் பழைமையின் மேல் உள்ள பற்று மட்டுமன்று. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. அண்மையிலும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. ஆகவே உள்ளதைத் திருத்தி ஓட்டும் கலையை நம்மவர் கட்டாயத்தினாலேயே கற்றுக் கொண்டனர். அவ்வாறு வாழ்பவற்றுள் முதன்மையானது மொறிஸ் மைனர். அலெக் இஸிகோனிஸ் என்பவர் வகுத்த இக்கார் 1948ஆம் ஆண்டு லண்டன் கண்காட்சியில் முதன்முதலாக வெளியிடப்பட்டது. பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்ட பின், 1971ஆம் ஆண்டுடன் இங்கிலாந்தில் அதன் உற்பத்தி முற்றுப்பெற்றது. கண்டித் தெருக்களில் இன்றும் அதனைக் காணலாம்.

மைனர் வண்டியில் இயந்திரமும் கியர்ப் பெட்டியும் முன்னால் இருக்கின்றன. வண்டியைச் செலுத்துபவையோ பின் சக்கரங்கள். முன்னால் பிறக்கும் விசையைப் பின்னால் கொண்டு சேர்ப்பது, ஆசனங்களுக்குக் கீழே நீண்டு கிடக்கும் ஓர் உருக்குக் குழாய். அதைச் செலுத்து தண்டு எனலாம். கறாஜுகளில் புறொப்பெல்லர் சாஃப்ற் என்பார்கள். கியர்ப் பெட்டி ஒரே இடத்தில் நிற்கிறது. பின் அச்சோ வில்லின்மேல் அமர்ந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் மேலும் கீழும் ஆடுகிறது. ஆகவே தண்டு சுழன்று கொண்டே வளையவும் வேண்டும். இரும்புத் தண்டு வளையுமா? வளையாது. அதனால்தான் அதன் இரு முனைகளிலும் இரு மூட்டுகளை வைத்திருக்கிறார்கள். இரண்டு கவைகள், அவற்றின் நடுவே சிலுவை வடிவான சிறிய உருக்குத் துண்டு, அச்சிலுவையின் நான்கு கைகளிலும் நான்கு கிண்ணங்கள், ஒவ்வொரு கிண்ணத்தினுள்ளும் ஊசிபோன்ற மெல்லிய உருளைகளின் வரிசை, அவற்றுக்கிடையே சிறிது கிறீஸ். யூனிவர்சல் மூட்டு என்பது இவ்வளவே. முழு மூட்டையும் உள்ளங்கையில் அடக்கிவிடலாம்.

இம்மூட்டுக்கு ஹூக் மூட்டு என்றும் ஒரு பெயர் உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த விஞ்ஞானி ராபர்ட் ஹூக், வானத்தை நோக்கும் கருவிகளைத் திருப்புவதற்கு இதனைப் பயன்படுத்தும் முறையை விளக்கி எழுதினார். அதே ராபர்ட் ஹூக்குக்கும் நமது கண்டிக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பதை நேயர்களில் எத்தனை பேர் அறிவீர்களோ! இரண்டாம் இராஜசிங்க மன்னன் காலத்தில், 1660ஆம் ஆண்டிலிருந்து 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்து தப்பிச் சென்ற ராபர்ட் நொக்ஸ், தாம் கண்டதும் கேட்டதும் எழுதி 1681இல் லண்டனில் நூலாக வெளியிட்டாரல்லவா? அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் இந்த ஹூக்கேதான். கண்டி மலைகளைப் பற்றி உலகுக்குச் சொன்ன நூலின் முன்பக்கத்தில் நின்ற மனிதரின் பெயர், இன்று கண்டி மலைகளில் ஏறும் ஒவ்வொரு பழைய காரின் அடியிலும் சுழன்று கொண்டிருக்கிறது.

இம்மூட்டுக்கு இயல்பாகவே ஒரு குறை உண்டு. வளைந்த நிலையில் அது சுழலும்போது, ஒரு கவை சீராகச் சுழன்றாலும் மற்றைய கவை சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்குள் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் செல்லும். முன் மூட்டில் தோன்றும் இவ்வேற்றத்தாழ்வைப் பின் மூட்டு நேர்மாறாகச் செய்து சமன்படுத்தி விடுகிறது. அதற்காகவே தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்ற விதி ஏற்பட்டது. தண்டைக் கழற்றிப் பூட்டுபவர் இவ்விதியை மறந்தால், புதிய மூட்டு போட்ட வண்டியும் பழைய வண்டியைவிட மோசமாக அதிரும்.

இனி, எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லுகிறேன்.

என் தந்தையார் விட்டுச் சென்ற மொறிஸ் மைனர் ஒன்று என்னிடம் உண்டு. 948 கன சென்ரிமீற்றர் இயந்திரம் கொண்டது. எங்கள் வீடு ஹந்தானை மலைச்சரிவில் இருப்பதால், காலையில் வண்டியைப் பின்னுக்கு எடுத்து, பிறகு முன்னுக்குச் செலுத்தியே தெருவில் இறக்க வேண்டும். ஒரு மாரிகாலத்தில், மெதுவாகச் செல்லும்போது வண்டியின் அடியிலிருந்து குருவிக் குஞ்சு கத்துவது போல ‘கிறீச், கிறீச்’ என்ற ஒலி வரத் தொடங்கியது. வேகம் கூடினால் ஒலி மறைந்துவிடும். சில வாரங்களில் அவ்வொலி தானாகவே நின்றுவிட்டது. நோய் தீர்ந்தது என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி எவ்வளவு பேதைமை என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

அதன் பின் காலையில் பின்கியரிலிருந்து முன்கியருக்கு மாற்றும்போது ‘டொக்’ என்று ஓர் ஒலி கேட்டது. கதவைத் தட்டுவது போன்ற ஒற்றை ஒலி. ஓடும்போது அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தால் ஒரு ‘டொக்’. மறுபடி மிதித்தால் இன்னொரு ‘டொக்’. பட்டணத்து வேலைத்தலம் ஒன்றில் காட்டினேன். “டிஃபரன்ஷல் தேய்ந்துவிட்டது” என்றார்கள். பழைய வண்டியொன்றிலிருந்து எடுத்த டிஃபரன்ஷலை வாங்கிப் பூட்டினேன். கையிலிருந்த பணம் போயிற்று, ‘டொக்’ போகவில்லை.

மறுநாள் அம்மாவை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போவதாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, முதிய மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு போனேன். அவரை யாவரும் ‘பாஸ்’ என்றே அழைப்பர். அவர் வண்டியின் மூடியையும் திறக்கவில்லை, ஸ்பானரையும் எடுக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, இந்த ‘டொக்’ வருவதற்கு முன்பு கிறீச்சிட்டதா?”

“ஆம், பாஸ். அது தானாகவே நின்றுவிட்டது.”

“நிற்கவில்லை, தம்பி. கத்துவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.”

அதன் பொருள் இதுதான். கிறீஸ் வற்றிய கிண்ணத்தினுள் ஊசி உருளைகள் உலர்ந்து உரசும்போது எழுவதே அந்தக் கிறீச்சொலி. அப்போதே கவனித்தால் கிறீஸை ஏற்றியோ புதிய சிலுவையைப் போட்டோ சிறு செலவில் காரியத்தை முடிக்கலாம். கவனியாது விட்டால் உருளைகள் துருவேறி நொறுங்கித் தூளாகிவிடும். உருளை இருந்த இடம் வெற்றிடமாகும். அவ்வெற்றிடத்தில் சிலுவையின் கை அங்குமிங்கும் மோதும் ஒலியே ‘டொக்’. ஆகவே கிறீச்சொலி நிற்பது குணமாவதன் அடையாளம் அன்று. நோய் முற்றியதன் அடையாளம்.

பின்னர் பாஸ் என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, தாம் பின் ஆசனத்தில் அமர்ந்தார். செருப்பைக் கழற்றி, வெறும் பாதங்களைத் தரையில் ஊன்றிக் கொண்டார். கெட்டம்பைக்கு அருகே மகாவலிக் கரையோரம் பாதை ஓரளவு சமமாகச் செல்லும் இடத்தில் அவர் நடத்திய பரிசோதனைகள் ஒரு வைத்தியர் நாடி பார்ப்பது போல இருந்தன.

மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் தரையில் ஓர் அதிர்வு எழுந்தது. “ஸ்ரியரிங்கில் தெரிகிறதா?” என்றார். தெரியவில்லை. முன் சக்கரங்களின் குறையாயின் பெரும்பாலும் கைக்கே முதலில் தெரியும். தண்டின் குறை தரைக்கும் ஆசனத்துக்கும் தெரியும். அதே வேகத்தில் நியூட்ரலில் விடச் சொன்னார். இயந்திரம் தணிந்து ஓடியது, அதிர்வோ தொடர்ந்தது. ஆகவே அது இயந்திரத்திலிருந்து பிறப்பதன்று. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஏதோவொன்றிலிருந்து பிறப்பது. பிறகு மிக மெதுவாகச் செலுத்தச் சொல்லி அதிர்வின் தாளத்தை எண்ணினார். இது மிக நல்ல உபாயம். 948 இயந்திரம் கொண்ட மைனரில் பின் சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் தண்டு ஏறத்தாழ நாலரை முறை சுற்றிவிடும். சக்கரத்துக்கு ஒருமுறை கேட்கும் ஒலி ரயரின் ஒலியாகவோ பிறேக் உருளையின் ஒலியாகவோ இருக்கலாம். அதனினும் நான்கு மடங்குக்கு மேல் விரைந்து கேட்பது தண்டின் ஒலி. டிஃபரன்ஷல் பற்கள் தேய்ந்தால் பெரும்பாலும் ஓர் ஊளை எழும். இழுக்கும்போது ஒரு சுருதி, இறங்கும்போது வேறொரு சுருதி. என் வண்டியில் ஊளை எப்போதுமே இருந்ததில்லை. இதனை நான் முன்னரே யோசித்திருந்தால் ஒரு டிஃபரன்ஷலின் விலை மிச்சமாகியிருக்கும்.

காதால் கண்டதைக் கண்ணால் உறுதி செய்யாமல் பாஸ் எதையும் கழற்றுவதில்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கறாஜின் பள்ளத்தில் இறங்கினார். இங்கே நேயர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பள்ளம் இல்லாதவிடத்து, ஜாக் ஒன்றை மாத்திரம் நம்பி ஒருபோதும் வண்டியின் அடியில் புகாதீர்கள். உறுதியான இரும்புத் தாங்கிகளில் வண்டியை அமர்த்திய பின்னரே புக வேண்டும்.

மூட்டின் இருபுறத்துக் கவைகளையும் இரு கைகளாலும் பற்றி, ஈரத்துணியைப் பிழிவது போல ஒன்றை ஒருபுறமும் மற்றதை மறுபுறமும் முறுக்கினார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தண்டை முழுவதுமாகத் திருப்பினால் சிறிது ஆட்டம் எந்த வண்டியிலும் இருக்கும். அது டிஃபரன்ஷல் பற்களுக்கிடையே இருக்க வேண்டிய இடைவெளி. அதைக் கண்டு டிஃபரன்ஷலைக் குற்றஞ்சாட்டுவதும் உண்டு. பார்க்க வேண்டியது, ஒரு கவைக்கும் அடுத்த கவைக்கும் இடையே, சிலுவையில் ஆட்டம் இருக்கிறதா என்பதையே. அவ்விடத்தில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் சிறிதளவு இருந்தாலும் மூட்டின் ஆயுள் முடிந்தது என்று கொள்ளலாம். என் வண்டியின் பின் மூட்டில் ஆட்டம் இருந்தது. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றிக் குங்குமம் தூவியது போலச் செந்துருத் தூள் படிந்திருந்தது. அந்தச் செந்தூளே தவறாத சாட்சி என்றார் பாஸ்.

தண்டைக் கழற்றுமுன், பின் முனையின் தட்டையும் அது பொருந்தும் தட்டையும் சேர்த்து அரத்தினால் ஒரு கோடு கீறினார். எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே திரும்பப் பூட்டுவதற்காக. பின்னர் நான்கு ஆணிகளையும் கழற்றித் தண்டை வெளியே எடுத்தார். முன் மூட்டை என் கையில் தந்து அசைத்துப் பார்க்கச் சொன்னார். நடுநிலையில் வந்ததும் ‘சடக்’கென்று ஒரு குழியில் விழுந்தது போல நின்றது. ஊசி உருளைகள் சிலுவையில் வரிவரியாகப் பள்ளம் பதித்திருந்தன. நன்கு அமைந்த மூட்டு எந்தத் திசையிலும் வழுவழுப்பாக அசைய வேண்டும். பின் மூட்டைத் திறந்தபோது, ஒரு கிண்ணத்தினுள் உருளைகளே இல்லை. ஒரு தேக்கரண்டியளவு செம்பொடியே இருந்தது. கிண்ணத்தின் சுவரும் வெடித்திருந்தது.

அதைக் காகிதத்தில் கொட்டி என் முன் வைத்தார் பாஸ். “நாளைக்கு அம்மாவோடு கடுகண்ணாவையில் இறங்கப் போகிறேன் என்றீர்களே, தம்பி!” என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கடுகண்ணாவை இறக்கத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1820களில் கப்டன் டோசன் முதலியோர் மலையைக் குடைந்தும் வெட்டியும் கொழும்பு - கண்டிப் பாதையை அமைத்தனர். டோசனின் நினைவாக 1832இல் எழுப்பிய கோபுரம் இன்றும் அங்கே நிற்கிறது. அவ்விறக்கத்தில் அறிந்த சாரதி பிறேக்கை மாத்திரம் நம்புவதில்லை. தாழ்ந்த கியரில் விட்டு, அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்து, இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி இறங்குவார். அவ்வாறு இறங்கும்போது விசை எதிர்த்திசையில் ஓடுகிறது. சக்கரத்திலிருந்து தண்டு வழியாக, அதே மூட்டுகள் வழியாக, இயந்திரத்தை நோக்கி ஓடுகிறது.

நான் இன்று சொல்ல வந்த செய்தி இதுவே. ஏறும்போது நம்மை மேலே இழுப்பதும் அந்த மூட்டு. இறங்கும்போது நம்மைப் பின்னால் பிடித்து வைப்பதும் அதே மூட்டு. ஏற்றத்தில் அது முறிந்தால் வண்டி நின்றுவிடும். பிறேக்கை மிதித்துச் சமாளித்து, வெட்கத்தோடு வீடு திரும்பலாம். இறக்கத்தில் முறிந்தால், இயந்திரத்தின் பிடி ஒரு நொடியில் அற்றுப் போகும். முழுப் பாரமும் பிறேக்கின் மேல் விழும். பழைய வண்டியின் உருளைப் பிறேக்குகள் நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிடிப்புக் குன்றும் என்பதை மலைநாட்டுச் சாரதிகள் யாவரும் அறிவர். அதுமட்டுமன்று, முறிந்த தண்டு கீழே சுழன்று அடித்து, அருகே செல்லும் பிறேக் குழாயையும் சிதைக்கக்கூடும். முன் மூட்டு முறிந்து தண்டின் முனை பாதையில் குத்தினால் வரும் விபரீதத்தைச் சொல்லவும் வேண்டுமோ! உடதும்பறையைக் கடந்து, பதினெட்டு வளைவு என்று பெயர் பெற்ற மகியங்கனைப் பாதையில் இறங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பழைய லாண்ட்ரோவர் வைத்திருப்பவர்கள் மேலும் ஒரு படி கவனமாயிருத்தல் வேண்டும். அவ்வண்டிகளின் கைப்பிறேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால் தண்டையே பிடிக்கிறது. பின் தண்டின் மூட்டு முறிந்தால், முன் சக்கரங்களும் இணைக்கப்பட்டிராத நிலையில், கைப்பிறேக்கும் பயனற்றதாகிவிடும்.

இஸிகோனிஸ் அவர்களே 1959இல் வெளியிட்ட மினி வண்டியிலோ கதை வேறு. அதில் முன் சக்கரங்களே வண்டியை இழுக்கின்றன. பழைய மினி வண்டிகளில் கியர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இரும்புச் சிலுவைக்குப் பதிலாக இறப்பர் போர்த்த சிலுவையை வைத்திருந்தார்கள். அந்த இறப்பருக்கு எண்ணெயே எமன். பக்கத்திலுள்ள சீல் கசிந்து எண்ணெய் பட்டால் இறப்பர் ஊதி, மென்மையாகி, உலோகத்திலிருந்து பிரியும். அப்போது அதனைப் பிடித்திருக்கும் வளைந்த ஆணிகள் கியர்ப் பெட்டியின் சுவரையே அராவத் தொடங்கும். அங்கே புதிய இறப்பரை மாத்திரம் மாற்றி, கசியும் சீலை அப்படியே விடுவது வீண் செலவு. மினியாயினும் மைனராயினும், மூட்டு பெரும்பாலும் தானாகக் கெடுவதில்லை. அதைக் கெடுத்தது எதுவென்றும் தேட வேண்டும். கிறீஸ் ஏற்றாமை, வெள்ளநீரில் இறங்கியமை, அளவுக்கு மீறிய பாரத்தால் அமர்ந்துபோன வில், தளர்ந்துபோன கியர்ப் பெட்டித் தாங்கி ஆகியன பொதுவான காரணங்கள். என் வண்டியில் முதற் காரணம் நானேதான். மூட்டில் கிறீஸ் ஏற்றும் சிறிய முலை இருந்தும், என் தந்தையாருக்குப் பிறகு எவரும் அதனைத் தொடவேயில்லை.

பாஸ் இரு மூட்டுகளுக்கும் புதிய சிலுவைகளைப் போட்டார். கிண்ணங்களைப் பொருத்தும்போது ஊசி உருளை ஒன்றேனும் சரிந்து விழாதபடி கிறீஸில் ஒட்டவைத்து, மெல்ல அழுத்தி, வளையப் பூட்டுகள் நான்கும் தத்தம் பள்ளத்தில் உட்கார்ந்தனவா என்று விரல் நகத்தால் தடவிப் பார்த்தார். கவைகள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று பார்த்து, கீறிய கோட்டோடு கோடு சேர்த்துப் பூட்டினார். இரண்டு சிலுவைகளின் விலை, நான் வீணாகச் செலவிட்ட டிஃபரன்ஷல் விலையில் மிகச் சிறிய பங்கே. கொழும்புப் பயணம் இரண்டு நாள் பிந்தியது. கடுகண்ணாவையில் இரண்டாவது கியரில் இறங்கும்போது, வழக்கமாக அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்ததும் வரும் ‘டொக்’ வரவில்லை. அம்மா பக்கத்தில் உறங்கிக் கொண்டிருந்தார்கள்.

நேயர்களே, பழைய கார் வைத்திருப்பவர்கள் நாளைக் காலையிலேயே இச்சிறு காரியத்தைச் செய்து பாருங்கள். வானொலிப் பெட்டியை நிறுத்திவிட்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வண்டியை மெதுவாக முன்னுக்கும் பின்னுக்கும் செலுத்திக் காதைக் கொடுங்கள். கிறீச்சொலி கேட்டால் அந்த வாரமே பாருங்கள். ‘டொக்’ கேட்டால் மலை இறங்குவதற்கு முன் பாருங்கள். முன்பு கேட்ட ஒலி ஒன்று காரணமின்றி மறைந்துவிட்டால், அன்றைக்கே பாருங்கள்.